ஒரு தரம்தான் சொன்னார்

அந்த ஸ்டூலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நோயாளிக்குக் கட்டில் உண்டு, மெத்தை உண்டு, பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மேலே எழும்பும். கூட இருக்கிறவளுக்கு ஓர் இரும்பு ஸ்டூல். முதுகு சாய இடமில்லை. நாலு காலில் ஒரு கால் குட்டை. கொஞ்சம் கண் அசந்தால் ஒரு பக்கமாகச் சரிந்து எழுப்பிவிடும். நான் துணிக்கடையில் வேலை பார்ப்பவள். கடையில் நாள் முழுக்க உட்கார விட மாட்டார்கள். இங்கே நாள் முழுக்க எழுந்திருக்க முடியவில்லை. என் இடுப்புக்கு இரண்டுமே ஆகவில்லை.

சாய்ந்துகொள்கிற நாற்காலி ஒன்று கேட்டிருந்தேன். வார்டின் கோடியில், ஜன்னலோரம், அப்படி நாலைந்து சும்மாதான் கிடந்தன. நர்ஸிடம் கேட்டால், "ஸ்டோர்ல சொல்லியிருக்கேன்மா" என்பாள். ஸ்டோரில் கேட்டால், "வார்டுல இருந்து எழுதிக் கொடுக்கணும்" என்பார்கள். மறுபடி நர்ஸிடம் வந்தால் ஷிஃப்ட் மாறி வேறொரு நர்ஸ் நிற்பாள், முதலிலிருந்து சொல்ல வேண்டும். எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கட்டிலில் படுத்திருந்தது என் மாமனார். காய்கறி மொத்த மண்டியில் ஏலம் கூறுபவர். மண்டியில் அவரை எல்லோரும் 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, "ஒரு தரம்!" என்று அவர் ஆரம்பித்தால் அடுத்த மண்டியில் மூட்டை தூக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். "ரெண்டு தரம்!" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். கை ஏதும் எழாவிட்டால், "மூணு தரம்!" அப்புறம் உள்ளங்கையால் தராசு மேடையில் பளாரென்று ஓர் அறை. "கொடுத்தாச்சு!" அந்த அறை விழுந்த பிறகு கடவுளே வந்து கேட்டாலும் மூட்டை திரும்பாது.

வீட்டிலும் அதே குரல்தான். சாப்பிடும்போது உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்துவிடும். எனக்கும் அவருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது, ஆகும் என்றும் சொல்ல முடியாது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வாங்கியதில்லை. அதே சமயம், என்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தெருவுக்கே கேட்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தும் விடுவார்.

அந்தக் குரல்தான் முதலில் கம்மியது. சளி என்றார், தூசி என்றார், கஷாயம் குடித்தார். நானும் என் வீட்டுக்காரரும் இழுத்துப்பிடித்து இங்கே கொண்டுவந்து காட்டியபோது, குரல்வளையில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய டாக்டர் அதை அவரிடம் சொன்ன விதத்தை நான் கூடவே நின்று பார்த்தேன். ரவுண்ட்ஸ் வரும்போது அவருக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வரும். அடுத்த கட்டிலுக்குப் போக ஒரு கால் ஏற்கெனவே திரும்பியிருந்தது.

"பெரியவரே, கட்டி குரல்வளை முழுக்கப் பரவியிருக்கு. குரல்வளைய முழுசா எடுத்துடப் போறோம். அப்புறம் குரல் இருக்காது. கழுத்துல ஒரு துளை போட்டு, அது வழியாத்தான் மூச்சு விடுவீங்க. புரிஞ்சுதா?"

பெரியவரே என்று ஆரம்பித்தாரே தவிர, முழுக்கச் சொன்னது என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான். மாமனார் தலையை ஒரு முறை ஆட்டினார். ஊர்வலம் நகர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன டாக்டர் காகிதம் கொண்டுவந்தார், விரலால் இடத்தைக் காட்டினார், மாமனார் கையெழுத்துப் போட்டார்.

என் நாத்தனார் பள்ளிக்கூட டீச்சர். அண்ணனைவிட வயதில் சின்னவள், ஆனால் வீட்டில் மணி அடிப்பது அவள்தான். அன்றைக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா எவ்வளவு பக்குவமா எடுத்துக்கிட்டார் பாத்தீங்களா அண்ணி" என்றாள். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. குழம்பில் காரம் தூக்கலாக இருந்தாலே ஒரு வாரம் கத்துகிற மனுஷன், குரலே போகப்போகிறது என்றதும் தலையாட்டிவிட்டாரே.

அதோடு அவர் பேச்சையும் நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல். ஃபேன் வேண்டுமென்றால் விரலைச் சுற்றுவது. மண்டியில் விலை பேசுகிற கை ஜாடை எல்லாம் கட்டிலுக்கு வந்துவிட்டது. மனசு உடைந்துபோய்த்தான் பேசாமல் கிடக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். நாத்தனார் ஃபோனில் சொந்தக்காரர்களிடம், "அப்பா மௌனமாயிட்டார்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு இந்த நேரம் இந்த மனுஷனுக்குக் குரல் இருக்காது.

"மாமா, மனசுல இருக்கறத இன்னைக்கே பேசிடுங்களேன். இப்படி வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தா எப்படி?"

அவர் உதட்டில் விரல் வைத்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, காற்றாகச் சொன்னார். "சேத்து வெக்கிறேம்மா."

"எதை?"

"குரலத்தான். இது முடிஞ்சதும் வெங்காய சீசன். பெட்டி மேல ஏறினா பழைய வெண்கலமா நிக்கணும்ல? இப்பவே கத்தித் தீத்துட்டா அப்ப கம்மிடும்."

துண்டைப் பிழிந்த கை அப்படியே நின்றுவிட்டது. அடப் பாவமே, இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாமா, டாக்டர் உங்ககிட்ட சொன்னாரே. முழுசா எடுக்கறதா."

"சொன்னார். ஒரு தரம்தான் சொன்னார்."

"ஒரு தரம் சொன்னா போதாதா?"

என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முதல் தரத்துல எவன்மா சரக்கக் கொடுப்பான்? ஒரு தரம்னா ஆரம்பம். நடுவுல எவனாவது கை தூக்குவான், பேச்சு மாறும். பெரிய டாக்டர் எடுத்த எடுப்புல முழுசுன்னுதான் சொல்வார். போகப் போகப் பாதிக்கு இறங்கி வருவார்."

"அப்ப எதுக்குத் தலையாட்டினீங்க?"

"காதுல விழுந்துச்சு, மேல சொல்லுன்னு ஆட்டினேன். அவர் போயிட்டார். வேலை இருக்கும்ல? திரும்ப வந்து சொல்லுவார்."

"கையெழுத்துப் போட்டீங்களே!"

"அது சரக்கு உள்ள வந்துச்சுன்னு போடற கையெழுத்தும்மா. இறக்கும்போது போடறது. வித்ததுக்கா போடுவாங்க?" என்றார். இத்தனை பேசிவிட்டதற்கு வருந்தி, மறுபடி உதட்டில் விரலை வைத்துக்கொண்டார்.

அத்தனை நாள் மௌனம். பேசியிருக்கக்கூடிய கடைசி நாட்களை எல்லாம் வெங்காயத்துக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார் இந்த மனுஷன்.

மதியம் சாப்பாட்டோடு என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் வந்தார்கள். இருவரையும் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எங்கே சிக்கினாலும் கழற்றி மாட்டிவிடுவார். வீட்டில் ஒன்று சிக்கினால் மட்டும் படிக்கட்டில் இறங்கிப் போய்விடுவார்.

"கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்கு முடிஞ்சிடும். முடிஞ்சப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றார்.

"நீங்க சொல்லுவீங்க. அவர் உங்களத் திருப்பி எதால திட்டுவார்?"

அவர் செருப்பைப் பார்த்தார். நாத்தனார்தான் முன்னால் வந்தாள். "அண்ணி, நீங்க சும்மா இருங்க. தெரிஞ்சா அப்பா எழுந்து வீட்டுக்கு நடந்துடுவார். அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா? ஆபரேஷன் இல்லன்னா அப்பா இருக்க மாட்டார். அதுக்கு நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

நியாயமான கேள்விதான். அதை நானும் காலையிலிருந்து என்னிடமே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் அவர் போய்விடலாம், போனால் சாவார். சொல்லாவிட்டால் பிழைப்பார், ஆனால் கண் விழித்ததும் எங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பார்? பாதியாவது மிஞ்சும் என்று நம்பி மயக்க மருந்துக்குக் கையை நீட்டப்போகிற மனுஷன்.

"பொறுப்பு உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. தொண்டை அவரோடது" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் நின்ற இடத்தில்தான் அந்தப் பலகை மாட்டியிருந்தது. நோயாளிகளின் உரிமைகள் என்று தலைப்பு. அதை மறைத்தபடி எப்போதும் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். நடக்கப் போகும்போதெல்லாம் மேலே தெரிகிற நாலு வரியைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். அன்றைக்கு வந்த கோபத்தில் இரண்டு சக்கர நாற்காலிகளை இழுத்து அப்பால் தள்ளினேன். சிகிச்சையைப் பற்றிப் புரியும்படி கேட்டறியலாம், வேண்டாமென்று மறுக்கலாம், வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம். அதற்குக் கீழே, உடனிருப்பவருக்கு உட்காரவும் ஓய்வெடுக்கவும் வசதி. அதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. கடைசி வரியில், உதவிக்கு: தரைத்தளம், நோயாளர் உதவி மையம்.

தரைத்தளத்தில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஓர் அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடி அக்கா என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் ஒருவர் போர்வை கிடைக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஒருவர் லிஃப்டைப் பற்றி. எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் கண்ணாடி அக்காவின் முகம் கசங்கிப்போயிருந்தது. என் முறை வந்தபோது நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சொல்லும்மா. என்ன வரல?"

"மூணாவது தரம் வரலக்கா" என்றேன். எனக்கே என்ன சொல்கிறேன் என்று புரியாத களைப்பு. அப்புறம் ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டதோட விஷயம் முடியறதில்லம்மா. புரிஞ்சிருக்கணும். புரியலன்னா எத்தனை தடவை வேணாலும் கேக்கலாம். தியேட்டர் வாசல்ல வந்து வேண்டாம்னாலும் அவர் இஷ்டம்தான்."

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"அப்பவும் அவர் இஷ்டம்தான்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் பயமாத்தான் இருக்கும். எத்தனையோ பாத்திருக்கேன். ஆனா தெரியாம படுத்துட்டு எழுந்து அழற முகம் இருக்கே, அத ஒரு தடவை பாத்தா போதும்" என்றார்.

ஃபோனை எடுத்தார். டாக்டர் தியேட்டரில் இருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்றார்கள். இன்னோர் எண்ணைப் போட்டார். "இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர் ஒருத்தர் இருக்கார். கூப்பிட்டா வந்து பேசுவார். இதுக்கெல்லாம் கேட்டாத்தான் கிடைக்கும், யாரும் கேக்கறதில்ல" என்று அலுத்துக்கொண்டார்.

அந்த மனிதர் சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டார். லாரி ஓட்டியவராம். சட்டைக் காலருக்கு மேல் மெல்லிய துணி ஒன்று கட்டியிருந்தார். கண்ணாடி அக்கா, அவரைக் கட்டிலுக்குக் கிட்டே கூட்டிவருவதற்கு முன் மாமனாரிடம், "இவர் உங்ககிட்ட பேசட்டுமா ஐயா?" என்று கேட்டார். எங்களிடம் கேட்கவில்லை. மாமனார் கட்டைவிரலைத் தூக்கினார்.

லாரிக்காரர் டார்ச் லைட் போல ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார். ஏற்ற இறக்கம் இல்லாமல், இயந்திரம் பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. "நல்லா இருக்கீங்களா அண்ணே."

மாமனாரின் முகத்திலிருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. அந்தக் கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சேமித்து வைத்த குரலில் முதல் தடவையாகச் சத்தமாகக் கேட்டார்.

"உங்களுக்கு முழுசா எடுத்துட்டாங்களா?"

"முழுசா."

"பாதிக்கு வரலயா?"

"வரல அண்ணே."

"இதுல ஏலம் கூற முடியுமா?"

லாரிக்காரர் பூசி மெழுகவில்லை. "முடியாது. மண்டி சத்தத்துல இது எடுபடாது. ஆனா வீட்டுல சண்டை போடலாம். நான் தினம் போடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மட்டும் இலேசாகச் சிரித்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். 'உனக்கு இப்ப திருப்தியா?' என்று அதற்கு அர்த்தம். திருப்தி எங்கே? அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, பேசாமல் இருந்திருக்கலாமோ என்றுதான் எனக்கும் தோன்றியது.

டாக்டர் வந்தபோது ஊர்வலம் இல்லை, தனியாகத்தான் வந்தார். நெற்றியில் தியேட்டர் தொப்பியின் தழும்பு. அவரும் ஓய்ந்துபோயிருந்தார். உட்கார இடம் தேடி, என் ஸ்டூலில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்ததும் திடுக்கிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

"என்ன பிரச்சினை? நான்தான் சொல்லிட்டேனே" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தொடங்கினார்.

"சார், நோயாளி இந்தப் பக்கம் இருக்கார்" என்றார் கண்ணாடி அக்கா.

டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். இந்த முறை மாமனாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கட்டி எங்கே இருக்கிறது என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். குரல்வளை முழுக்கப் போகும், சொந்தக் குரல் திரும்பாது, மூச்சு துளை வழியாகத்தான் என்றார்.

"பாதி?" என்றார் மாமனார்.

"பாதி எடுத்தா மீதியில நோய் இருக்கும் ஐயா. கதிர் சிகிச்சை மட்டும் கொடுக்கலாம், குரல் கொஞ்சம் தங்கலாம். ஆனா உங்க கட்டி குருத்தெலும்பு வரைக்கும் போயிடுச்சு, அதுல முழுசா கேக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன். ஒண்ணுமே வேண்டாம்னாலும் சொல்லலாம். அப்ப கட்டி வளர்ந்து மூச்ச அடைக்கும். வேற டாக்டர்கிட்ட கேக்கணும்னாலும் தேதிய நான் தள்ளி வெக்கிறேன்."

"சார், அவர் புரிஞ்சுக்கிட்டத ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்களேன்" என்றார் கண்ணாடி அக்கா.

மாமனார் யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார். "என் குரல எடுத்துக்குவீங்க. உசுர விட்டுட்டுப் போவீங்க. குரல் திரும்பாது."

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் போய்விட்டார். மாமனார் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு தரம் ஆச்சு டாக்டர். மூணாவத நாளைக்குச் சொல்லுங்க."

டாக்டர் விழித்தார். நான்தான் மண்டி வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துவிட்டு, "அன்னைக்கு நீங்க தலையாட்டினது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "நாளைக்குக் காலைல தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானே வர்றேன். அதுவரைக்கும் முடிவு உங்களோடது."

அவர் போனதும் மாமனார் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்குக் கிளம்பப்போகிறார் என்று நாத்தனார் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டு, "ஃபோனக் கொடு" என்றார்.

அப்புறம் அவர் பேசினார் பாருங்கள்! சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் செலவழித்தார். மண்டி முதலாளிக்கு ஃபோன் போட்டு, "ஈரச் சாக்க வெயில்ல போடாம மேல ஏத்தாதீங்கய்யா" என்று கத்தினார். மகனைக் கூப்பிட்டு, பொறுப்பில்லாதவனே என்று தொடங்கி, பத்து வருஷத்துக்கு உண்டானதைத் திட்டினார். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்கிக்கொண்டு, நகராமல், சிரித்துக்கொண்டே அழுதுகொண்டு நின்றார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள் அவள். சொன்னார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை, அவர் மடியில் கவிழ்ந்துவிட்டாள்.

நான் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன இருக்கப்போகிறது? மருமகள்தானே. இடுப்பு விண்ணென்று தெறித்தது. கையை ஊன்றி எழுந்து கொஞ்சம் வளைத்துப் பார்த்தேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"நாற்காலி கேட்டியே, கிடைச்சுதா?"

"கிடைக்கும்போது கிடைக்கட்டும் மாமா. நீங்க படுங்க."

அவர் படுக்கவில்லை. கட்டிலின் மேல் முட்டிபோட்டு நிமிர்ந்தார். உடைந்த வெண்கலம்தான், ஆனாலும் வெண்கலம்.

"யம்மா நர்ஸு! இந்தாங்கய்யா எல்லாரும் பாருங்க! என் வீட்டு மருமக! வந்த நாள்லருந்து இரும்பு ஸ்டூல்ல குந்திக்கிட்டுக் கிடக்கறா! என் மலம் மூத்திரமெல்லாம் அள்ளிக் கொட்டறவ! இடுப்பு ஒடிஞ்சு போச்சு! ஒரு சாய்வு நாற்காலி, யாரு கொடுக்கறீங்க? ஒரு தரம்!"

வார்டே திரும்பியது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஐயோ மாமா, மானம் போகுது!"

"பெரியவரே, கத்தாதீங்க, மத்தவங்க தூங்கறாங்க" என்று நர்ஸ் ஓடிவந்தாள். ஒருவரும் தூங்கவில்லை. எல்லோரும் தலையணையிலிருந்து எழுந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"ரெண்டு தரம்!" அவர் பெட்டி மேல் நிற்பதுபோலவே வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

எதிர்க் கட்டில்காரர் கையைத் தூக்கினார். "கொடுத்துத் தொலைங்கம்மா!" என்றார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு கோடிக்குப் போனாள். தானே அந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாள். மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்தார்.

"மூணாவது தேவைப்படல" என்றார் என்னிடம். "உக்காரு."

நான் உட்கார்ந்தேன். முதுகு சாய்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காததை, மிச்சமிருந்த கொஞ்சம் குரலில் எனக்காகக் கேட்டிருக்கிறார் இந்தக் கிழவர்.

காலையில் டாக்டர் சொன்னபடி வந்தார். இந்த முறை ஸ்டூலில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். "மூணாவது தடவை சொல்றேன் ஐயா" என்று தொடங்கி, அதே விஷயத்தை, அதே வரிசையில், நிதானமாகச் சொன்னார். மாமனார் தலையாட்டினார்.

"தலையாட்டினா எனக்குப் போதாது ஐயா. வாயால சொல்லுங்க."

மாமனார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மகனை, மகளை, என்னை. கூட்டத்தில் கை தூக்குகிறவன் இருக்கிறானா என்று பார்க்கிற அதே பார்வை. என் கை மடியில் கிடந்தது. தூக்கிவிடலாம் போல இருந்தது. தூக்கி என்ன சொல்வேன்? அந்தக் குரல் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் இல்லாத வீட்டையும் நினைக்க முடியவில்லை. யார் கையும் எழவில்லை.

அவர் உள்ளங்கையால் கட்டில் கம்பியில் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

"கொடுத்தாச்சு."

சத்தமாகச் சொல்லவில்லை, கரகரவென்றுதான் சொன்னார். அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. தள்ளுவண்டியில் போகும்போது நாத்தனார் ஏதாவது சொல்லுங்கப்பா என்று கெஞ்சினாள். விற்ற சரக்கில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அவள் கையை மட்டும் தட்டிக்கொடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பழைய கட்டிலுக்கே அவரைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் துளை, அதைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய். கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, மூடிக்கொள்வார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. எழுதிக்காட்டச் சொன்னால் பேனாவைத் தள்ளிவிட்டார். நாத்தனார் வராந்தாவில் என்னிடம், "நல்லவேளை அண்ணி, அன்னைக்கு என்னைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடாம போகல அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான்.

ஒரு மத்தியானம் வார்டு ஊழியர் ஒருவர் வந்தார். "இந்த நாற்காலியப் பக்கத்து வார்டுல கேக்கறாங்க, எடுத்துக்கறேம்மா" என்றார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பலகையில் எழுதியிருப்பதைச் சொல்லவும் தெம்பில்லை. பழக்கதோஷத்தில் எழுந்து, பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஸ்டூலைத் தேடினேன். ஊழியர் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார்.

பளாரென்று ஒரு சத்தம்.

நாங்கள் இருவரும் திரும்பினோம். மாமனாரின் உள்ளங்கை கட்டில் கம்பியின் மேல் இருந்தது. ஊசி குத்தியிருந்த கைதான், வலித்திருக்கும். கண் ஊழியரையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்துத் துளையில் மூச்சு வேகமாகப் போய் வந்தது.

"என்னவாம் பெரியவருக்கு?" என்றார் ஊழியர்.

"கொடுத்தாச்சுங்கறார்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.